கவுலும் டிக்கெட்டும்: வெள்ளாற்றின் இரண்டு முனைகள், பறவை பார்க்கும் ஒரு படகு

கள்ளக்குறிச்சிக்குக் கடல் கிடையாது. ஆனால் இருந்தது. பழைய தென்னார்க்காடு மாவட்டம் கல்வராயன் மலையில் தொடங்கிப் பரங்கிப்பேட்டைக் கடலில் போய் முடியும். 1993இல் விழுப்புரத்தைத் தலைநகராக வைத்து மாவட்டத்தைப் பிரித்தபோது பிச்சாவரம் கடலூரோடு போய்விட்டது. மரக்காணமும் கழுவெளியும் மிச்சம் இருந்தன. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அவையும் விழுப்புரத்தோடு நின்றுகொண்டன. இருபத்தாறு வருஷத்தில் இரண்டு கோடு கிழித்து மலையை ஒரு கலெக்டரிடமும் கடலை வேறு கலெக்டர்களிடமும் ஒப்படைத்தாகிவிட்டது. தண்ணீருக்கு மட்டும் இந்த அரசாணை போய்ச் சேரவில்லை. கல்வராயனில் பெய்கிற மழை கல்படை, பொட்டியம் என்று ஓடைகளாக இறங்கி, கோமுகி என்றும் மணிமுக்தா என்றும் பெயர் வாங்கி, விருத்தாசலம் வழியாகப் போய் வெள்ளாற்றில் விழுந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அந்த வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கிற சதுப்புக்காடுதான் பிச்சாவரம்.

மலையடிவாரத்துப் பள்ளிக்கூடங்கள் ஒருநாள் டூர் கிளம்பினால் சிதம்பரம் கோயில், பிச்சாவரம் படகு என்று போய்வருவது பழைய வழக்கம். காலையில் கோயில், மத்தியானம் படகு. டிக்கெட் வாங்கி, மிதவைச் சட்டை மாட்டி, நாலைந்து பேர் உட்கார, ஒருவர் துடுப்புப் போடுவார். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே வாய்க்காலில் நுழையும்போது கையை நீட்டிக் காட்டுவார்: அதோ மீன்கொத்தி, அந்தப் பக்கம் நீர்க்காகம், சேற்றில் நிற்பது உள்ளான். உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் கரை.

இதில் பார்க்கப்படுவது பறவை. பார்க்கிறவர் பயணி. காட்டுகிறவர் யார்? அவருக்கு அந்தத் தண்ணீரில் என்ன உரிமை? பறவை பார்த்தல் பற்றித் தமிழில் எழுதப்படுவதில் பெரும்பகுதி பறவையைப் பற்றியது, கொஞ்சம் பார்க்கிறவரின் பரவசத்தைப் பற்றியது. துடுப்புப் போடுகிறவரைப் பற்றி எழுத்து கிடையாது. அவரை நடுவில் வைத்து இந்தப் படகின் சரித்திரத்தைச் சொன்னால் அது வேறு கதையாக இருக்கிறது. ஏரியில் பாத்தியதை உள்ள குடியானவராகத் தொடங்கியவர் படகில் கூலிக்கு உட்கார்ந்தவராக முடிகிற கதை அது.

தொடக்கத்தை வேடந்தாங்கலில் வைத்துக்கொள்ளலாம். செங்கல்பட்டு ஜாகீரில் லயனல் பிளேஸ் கலெக்டர். மதுராந்தகம் ஏரி உடையாமல் காத்த ராமர் கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான். வரி வசூலில் கறாரான ஆள். வரி வரவேண்டுமானால் ஏரி நிற்கவேண்டும் என்று தெரிந்தவர். வெள்ளைச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டுத் தள்ளுகிறார்கள் என்று வேடந்தாங்கல் குடியானவர்கள் அவரிடம் முறையிட்டு, 1798இல் ஒரு கவுல் வாங்குகிறார்கள். எங்கள் ஏரியில் யாரும் சுடக்கூடாது என்பது சாரம். பிறகு அந்தக் காகிதம் தொலைந்துபோக, 1858இல் மறுபடி வாங்கினார்கள்.

இந்தச் சம்பவத்தைச் சுற்றுலாப் பலகைகள் ‘கிராம மக்களின் பறவைப் பாசம்’ என்று எழுதுகின்றன. பாசம் இருந்திருக்கும், இல்லையென்று சொல்ல நாம் யார். ஆனால் கவுல் கேட்டது பாசத்துக்காக அல்ல. ஏரிக்குள் நிற்கிற நீர்க்கடம்பு மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் போடுகிற எச்சம் தண்ணீரில் கரைகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. எருச் செலவு மிச்சம். அதாவது பறவை ஏரியின் ஓர் உறுப்பு, மடையும் கலங்கலும் போல. பறவையைச் சுடுவது மதகை உடைப்பதற்குச் சமம். கவுல் என்பது நிலத்தைப் பயிரிட அரசு எழுதிக்கொடுக்கும் உறுதிச் சீட்டு, இரண்டு தரப்புக்கும் நடுவில் ஏற்படும் ஒப்பந்தம். பறவையைக் காப்பது அங்கே குடிகளின் உரிமையாக எழுதப்பட்டது. அரசு செய்ததெல்லாம் தன் சிப்பாயைக் கட்டுப்படுத்தியதுதான். யாருக்கு எதிராகப் பாதுகாப்பு என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ளவேண்டும், பின்னால் இது தலைகீழாகப் போகிறது.

காலனிய அரசு பறவையைப் பார்த்த கருவி துப்பாக்கி. இதைக் கண்டனமாகச் சொல்லவில்லை. பைனாகுலர் பரவுவதற்கு முந்திய பறவையியலின் தொழில்முறையே அதுதான். சுட்டு, உரித்து, பஞ்சடைத்து, லேபிள் ஒட்டினால்தான் அது ‘மாதிரி’. சென்னை ராணுவத்தில் மருத்துவராக 1836இல் வந்த ஜெர்டன் இப்படித்தான் இந்தியப் பறவைகள் பற்றிய பெரிய நூலை 1862 தொடங்கி வெளியிட்டார். தமிழ், தெலுங்குப் பெயர்களையும் சேர்த்தே குறித்தார். பெயர் சொன்னவர்களுக்கு மட்டும் அதில் பெரும்பாலும் பெயரில்லை. காங்கிரஸை 1885இல் தொடங்கிவைத்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் அதே வருஷம் லண்டன் அருங்காட்சியகத்துக்குத் தன் சேகரிப்பைக் கொடுத்தார்: தோலும் முட்டையுமாக 80,000க்கு மேல். இதே ஹ்யூம்தான் 1867 முதல் 1870 வரை வட இந்தியாவில் உப்பு வரிக்காக முள்வேலி வளர்த்துக் காவல் போட்ட சுங்கத் துறையின் கமிஷனர். உப்பைத் தாண்டவிடாமல் மறிக்கிற நிர்வாகமும், பறவையைச் சேகரிக்கிற கடிதத் தொடர்புகளும் ஒரே அதிகாரிகளின் வலை வழியாகவே ஓடின. நமது தேசியத்தின் வரலாற்றில் ஹ்யூமின் பறவைகளுக்கு இடம் கிடையாது, பறவையியல் வரலாற்றில் அவருடைய வேலிக்கு இடம் கிடையாது.

கல்வராயனை ஒட்டிய மலைகளுக்கும் இந்தத் துப்பாக்கி வந்தது. ஆர்தர் வெர்னே என்ற பணக்காரப் பழம்பொருள் வியாபாரியின் செலவில் 1929-30இல் நடந்த கிழக்குத் தொடர்ச்சி மலைக் கணக்கெடுப்பு, சேலம் பக்கத்து மலைகளில் முகாமிட்டுப் பறவைகளைச் சேகரித்தது. வெர்னேயின் பெயர் கணக்கெடுப்புக்கு நின்றது. மலையேறி வழிகாட்டிய, மூட்டை சுமந்த மலையாளிப் பழங்குடியினரின் பெயர் எந்த லேபிளிலும் இல்லை. (சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகளில் வாழ்கிற ‘மலையாளி’களைத்தான் சொல்கிறேன், கேரளத்தவரை அல்ல. சமவெளியில் இன்னமும் விளக்கவேண்டியிருக்கிறது.)

ஜெர்டன் பெயரால் வழங்கும் ஒரு பறவை 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போயிற்று என்று நம்பப்பட்டது. 1986 ஜனவரியில் கடப்பைப் பக்கத்துக் காட்டில் அது மறுபடி கிடைத்தது. பிடித்தது உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர். ‘யார் கண்ணிலும் படவில்லை’ என்ற வாக்கியத்தில் ‘யார்’ என்பதற்குள் அவரெல்லாம் அடங்கமாட்டார் போலிருக்கிறது.

கோடியக்கரையில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இலிருந்து வலசைப் பறவைகளின் காலில் வளையம் மாட்டும் வேலையைத் தொடங்கியது. சாலிம் அலி முன்னின்ற திட்டம். கோடியக்கரை அதன் முக்கியமான களங்களில் ஒன்றானது. பறவையைக் காயப்படாமல் உயிரோடு பிடிக்கிற வித்தை பட்டதாரிகளுக்குத் தெரியாது. பீகாரிலிருந்து மிர்ஷிகார்கள் என்ற பாரம்பரியப் பறவைப் பிடிகாரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். கண்ணி வைக்கவும், மூங்கில் நுனியில் பசை தடவிப் பிடிக்கவும் தலைமுறையாகக் கற்ற கைகள். அவர்கள் பிடிக்க, விஞ்ஞானிகள் வளையம் மாட்டினார்கள். முதலில் உலக சுகாதார நிறுவனத்தின் பணம்; 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவம் பாங்காக்கிலிருந்து நடத்திய வலசை விலங்கு நோயாய்வுத் திட்டத்தின் பணமும் வந்தது. பறவைகள் எந்தக் கிருமியை எங்கிருந்து எங்கே கொண்டுபோகின்றன என்பதில் ஒரு ராணுவத்துக்கு என்ன அக்கறை? 1974இல் பத்திரிகைகள் இதைக் கேட்டன. 1975இல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு விசாரித்துக் கடுமையாகவே எழுதியது. கிருமி ஆயுதத்துக்காகத்தான் நடந்தது என்று நிரூபணமாகவில்லை. சாலிம் அலியின் நேர்மையையும் சந்தேகிக்கக் காரணமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சாகசமோ சதியோ இல்லாமலேயே அறிவு அதிகாரத்தோடு எப்படிக் கைகோத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடி ஃபூக்கோவிடம் போகவேண்டியதில்லை. கோடியக்கரை உப்பளத்துச் சேற்றிலேயே கிடக்கிறது.

இதற்கு நடுவே 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துரைமாரும் ஜமீன்தார்களும் ஒன்றரை நூற்றாண்டு சுட்டுத் தீர்த்த பிறகு, வேட்டை குற்றமானது. குற்றவாளியாக அகப்பட்டவர்கள் யார்? காடை, கவுதாரி பிடித்து விற்றுச் சோறு தின்ற குருவிக்காரர்கள். பாம்பு பிடித்த இருளர்கள். சட்டம் தேவையில்லை என்று சொல்லவரவில்லை, அது இல்லாமல் இன்று மிச்சமிருப்பதும் இருந்திருக்காது. ஆனால் குலத்தின் பெயரிலேயே குருவி இருக்கிற ஒரு சனத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க இந்த நாட்டுக்கு 2022 கடைசிவரை ஆனது. பறவை அட்டவணையில் ஏறிய வேகத்துக்கும் மனுஷன் அட்டவணையில் ஏறிய வேகத்துக்கும் நடுவில் ஐம்பது வருஷம். இருளர்களுக்காவது 1978இல் மாமல்லபுரம் பக்கம் பாம்புப் பிடிகாரர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விடுகிற ஏற்பாடு. குருவிக்காரருக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை. ஊசிமணி பாசிமணிதான்.

இனிப் பிச்சாவரத்துக்கு வரலாம். சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. அந்தத் தில்லை மரம் ஒரு சதுப்புக்காட்டு மரம். கோயிலைச் சுற்றி இன்று அது காடாக இல்லை, பிச்சாவரத்தில்தான் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்பார்கள், மரம் வெட்டுகிறவர்கள் அஞ்சி விலகுவார்கள். பார்வைக்காக டிக்கெட் விற்கிற இடத்தில் இப்படி ஒரு மரம்.

படகில் போகிறவர்கள் இதை ‘கன்னிக் காடு’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிடையாது. 1910களிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை வனத்துறை கூறுகூறாகப் பிரித்து மொட்டையாக வெட்டி விற்ற காடு இது. விறகுக்கும் கம்புக்கும். மொட்டையடித்த இடத்தில் வெயில் படுகிறது, ஈரம் ஆவியாகிறது, களிமண் சுருங்கித் தரை தொட்டி மாதிரி உள்வாங்குகிறது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது, உப்பு ஏறுகிறது, மறுபடி அங்கே ஒன்றும் முளைப்பதில்லை. ஆனால் காடு அழிந்ததற்குக் காரணம் கேட்டால் நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில், சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் மாடு மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள் என்பது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் ஊர்க்காரர்களையும் வனத்துறையையும் சேர்த்து வேலைசெய்தபோதுதான், முதல் காரணம் அந்த மொட்டை வெட்டுதான் என்பது வெளிப்படையாக எழுதப்பட்டது. மீன் முள் போலக் கிளை பிரித்து வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்து, வெண்கண்டல் கன்று நட்டார்கள். வெட்டியதும் நட்டதும் கூலிக்கு வந்த ஊர்ச்சனம். இன்று படகிலிருந்து ‘இயற்கை’ என்று பார்க்கப்படும் பசுமையில் ஒரு பங்கு அந்த மண்வெட்டி வேலை.

1975இல் வந்த ‘இதயக்கனி’ இந்தக் காட்டைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியது. எம்.ஜி.ஆர். படகில் போனார். பிறகு தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் வந்தது. பறவையைவிட சினிமாதான் கூட்டத்தைக் கொண்டுவந்தது என்பதில் கேலிக்கு ஒன்றுமில்லை, நம் சனத்துக்கு நிலக்காட்சியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே சினிமாதான். பறவைக்காக வருகிறவர்கள் தொகை சின்னது. இங்கே சுமார் 177 இனப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் படகு ஓடுவது அலுவலக நேரத்தை ஒட்டி. பறவை இரைதேடுவதோ விடியலிலும், ஓதம் வடிந்து சேறு வெளியே தெரிகிற நேரத்திலும். ஓதம் கடிகாரம் பார்க்காது. உச்சி வெயிலில் மோட்டார்ப் படகில் போனால் பறவை பறந்துபோகிற முதுகுதான் தெரியும். துடுப்புப் படகுக்காரருக்கு ஓதம் தெரியும், எந்த வாய்க்காலில் எப்போது எது நிற்கும் என்று தெரியும். அவர் சொல்கிற நேரத்துக்குப் படகு கிளம்பாது.

இந்த வாய்க்கால்களைக் கையால் தடவி அறிந்தவர்கள் கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர்கள். கழுத்தளவு நீரில் இறங்கி, பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். படகும் வலையும் வைத்திருக்கிற கடற்கரைச் சாதிகளின் கணக்கில் அவர்கள் மீனவர்கள் அல்ல. மீனவர் சங்கத்தில் இடமில்லை. பழங்குடிச் சான்றிதழுக்கோ தாலுக்கா ஆபீஸ் படி. பழைய தென்னார்க்காடு முழுவதும் இருளர்கள் இந்தப் படியில் நின்ற கதையும், காவல்நிலையங்களில் பட்ட பாடும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் 1996இல் உருவானதற்குப் பின்னால் இருக்கின்றன. அதே 1990களில்தான் சிதம்பரம் வட்டாரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. வயலில் உப்பேறியது, கரைக்குப் போகிற வழி அடைபட்டது. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் பண்ணைகளை அகற்றச் சொன்னது. தீர்ப்பு இருக்கிறது, பண்ணைகளும் வேறு சட்டத்தின் நிழலில் இருந்தன.

2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் தப்பின. கடலை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டு சின்னாபின்னமானது. பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குக்கிராமங்களை வைத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கதிரேசனும் ராஜேந்திரனும் 2005இல் எழுதிய கட்டுரை, காடு காப்பாற்றியது என்றது. தூரமும் மேடும்தான் காப்பாற்றின, காடு அல்ல என்று மறுப்பும் வந்தது. எப்படியானாலும், சதுப்புக்காட்டின் மதிப்பு அன்றிலிருந்து உயர்ந்தது. உலகம் முழுக்கப் பேச்சானது. 2022இல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் ஏறியது. வேடந்தாங்கலும் அதே வருஷம். 2021இல் சரணாலயமான கழுவெளி 2024இல் ஏறியது. காட்டின் மதிப்பு உயர்ந்த அளவுக்குக் காட்டில் இறங்கித் தடவுகிறவரின் உரிமை உயர்ந்ததா என்று பார்த்தால், அவருக்குக் கிடைத்த புதிய பாத்திரம் துடுப்புப் போடுவது, தோட்டக் கூலி, ‘சூழல் சுற்றுலா’ வழிகாட்டி. சம்பளம் வருகிறது, வேண்டாம் என்று சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. சம்பளத்தை உரிமை என்று பெயர் மாற்றி எழுதுவதைத்தான் கவனிக்கவேண்டும்.

இந்த இடத்தில் பழவேற்காட்டைப் பார்த்தாகவேண்டும். அங்கே மீனவர்களிடம் ‘பாடு’ என்ற முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலைபோடுவது என்று தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுக் குலுக்கி முறைவைத்துக்கொள்வது. வேடந்தாங்கல் கவுல் போல, தண்ணீரின் மேல் ஓர் ஊரின் பாத்தியதை. (இதில் சேராதவர்களுக்கு, குறிப்பாக தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும், அந்தத் தண்ணீரில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பாரம்பரியம் என்றதும் கும்பிட வேண்டியதில்லை.) பூநாரை பார்க்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்ததும் மீன்பிடிப் படகுகள் விடுமுறை நாளில் சவாரிப் படகாயின. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதிகக் கூட்டம், மிதவைச் சட்டை இல்லை. சவாரிக்குத் தடை போட்டார்கள். கள்ளத்தனமாக ஓடியது, பிடித்தார்கள், மறுபடி ஓடியது. பாட்டு முறையில் ஒரு படகு எங்கே போகலாம் என்பதை ஊர் தீர்மானிக்கும், தப்பு நடந்தால் ஊர் பதில் சொல்லும். சவாரிப் படகுக்கு அப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. டிக்கெட்டும் இல்லை, கவுலும் இல்லை. பொறுப்பு எங்கே இருந்தது என்று கேட்டால் யாரிடமும் இல்லை. நீரை அறிந்தவர்களையே உட்காரவைத்து விதியும் காப்புறுதியும் வகுத்துச் சவாரியை அவர்கள் கையில் கொடுத்திருக்கலாம். அரசுக்குத் தெரிந்தது தடை அல்லது டெண்டர்.

வேடந்தாங்கலிலேயே என்ன ஆயிற்று? குடிகள் சிப்பாய்க்கு எதிராக வாங்கிய பாதுகாப்பு, 1972க்குப் பிறகு துறையின் பாதுகாப்பானது. 1998இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சரணாலயமானது. அதில் பெரும்பகுதி பட்டா நிலமும் ஊரும். இப்போது குடிதான் சந்தேகத்துக்குரிய ஆள். 2020இல் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் விரிவாக்கமும், சுற்றளவைச் சுருக்கும் யோசனையும் ஒன்றாக வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. ஆக, குடியானவர் தன் வயலில் என்ன செய்யலாம் என்பதில் கறாராக இருக்கிற கோடு, தொழிற்சாலை என்றால் நகரத் தயாராக இருக்கிறது. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று வருஷா வருஷம் பத்திரிகையில் போடுகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் கண்மாயைப் பற்றி வேறு என்ன கேட்கிறார்கள் என்பது செய்தியாவதில்லை.

பறவை பார்த்தலுக்குத் தமிழில் வேறொரு பழைய உறவு உண்டு. குறுந்தொகையில் கபிலரின் ஒரு குறிஞ்சிப் பாட்டு: தலைவன் வந்துபோன நாளில் சாட்சிக்கு வேறு ஆள் இல்லை, ஓடுநீரில் ஆரல் மீனுக்காக நின்ற ஒரு குருகுதான் இருந்தது. அங்கே பறவை காட்சிப்பொருள் அல்ல, சாட்சி. அதுவும் நம்மைப் பார்க்காமல் தன் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த, கோர்ட்டுக்கு உதவாத சாட்சி. விலங்கின் பார்வையை நாம் இழந்ததைப் பற்றி ஜான் பெர்ஜர் எழுதினார். மிருகக்காட்சிச் சாலை அந்த இழப்பின் நினைவுச்சின்னம் என்பது அவர் வாதம். பெர்ஜரிடம் நான் ஒன்று சேர்ப்பேன்: நம் ஊரில் இழந்தது விலங்கின் பார்வையை மட்டுமல்ல, விலங்கோடு அதே சேற்றில் நின்றவரின் பார்வையையும். குருகு நின்ற அந்த ஓடுநீர் மலைநீர். அதனால் மறுபடி மேலே ஏறலாம்.

கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாகக் கிடந்தது: சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன். மலையாளிகள் வரியும் இலவச உழைப்பும் ஜாகீர்தாருக்குக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் போய், ஜமீன் ஒழிந்து, 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்து, வழக்கு நீண்டு, 1976இல்தான் மலை நேரடியாக அரசின் கைக்கு வந்தது. இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து 29 வருஷம் கழித்து! ஜாகீர் போன இடத்தில் வனத்துறை உட்கார்ந்தது. 2006இல் வந்த வன உரிமைச் சட்டப்படி பட்டா கொடுப்பது தமிழ்நாட்டில் 2008இன் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் முடங்கி, 2016 வரை தூங்கியது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, சாராயம் மலையிலிருந்துதான் வருகிறது என்ற பேச்சோடு பேச்சாக, கல்வராயன் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று உயர் நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக் கேட்டது. ரோடு இல்லை, பஸ் இல்லை, ஆஸ்பத்திரி தூரம் என்பவை அப்போது செய்தியாயின.

இதே மலைக்கும் சுற்றுலா வந்துவிட்டது. கரியாலூரில் பூங்காவும் சிறிய படகுக் குழாமும், மேகம், பெரியார் என்று அருவிகள், வருஷத்துக்கொரு கோடை விழா. கீழே பிச்சாவரத்தில் நடந்தது மேலே தொடங்குகிறது. ‘உள்ளூர் இளைஞர்களுக்குப் பறவை வழிகாட்டிப் பயிற்சி’ என்று ஒரு திட்டம் இந்த மலைக்கும் நாளைக்கு வரலாம். எதிர்க்கவேண்டிய அவசியமில்லை. மலையாளி இளைஞனுக்கு இருவாச்சியும் கொண்டலாத்தியும் வேறுவேறு குரல் என்று சொல்லித்தர வருகிறவர், அவனிடம் ஏற்கெனவே இருக்கிற பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறவராகவும் இருப்பார். க. ரத்னம் தமிழகத்தில் பறவைகளுக்கு வழங்கும் பெயர்களைத் தேடித் தொகுத்தார். மலைகளில் வழங்குபவற்றில் தொகுக்கப்படாதவை இன்னும் இருக்கும். ஆனால் பயிற்சிச் சான்றிதழ் வருவதற்கு முன்னால் நிலத்துக்கான பட்டாவும், கிராம சபைக்குக் காட்டின் மேல் சமூக உரிமையும் வரவேண்டும். 1798இல் வேடந்தாங்கல் குடியானவன் கலெக்டரிடம் கேட்டது அந்த ரகக் காகிதம். வழிகாட்டி வேலை அதற்குப் பிறகு வந்தால் அவன் பேரம் பேசலாம்: எத்தனை பேர், எந்த நேரம், எந்தப் பாதை, எது மூடியிருக்கும். முன்னால் வந்தால் அவன் டிக்கெட்டின் பின்பக்கம்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. 1965இல் கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணை கட்டினார்கள், 46 அடி. பிறகு அகரக்கோட்டாலம் பக்கம் மணிமுக்தா அணை. அடிவாரத்தில் நெல்லும் கரும்பும் பெருகின. கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் நிற்கின்றன. கீழே வெள்ளாற்றில் பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுகள், மணல் குவாரிகள். காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளாற்றிலும் நல்லநீர் வரத்துக் குறையக் குறையப் பிச்சாவரத்தில் உப்புத் தாங்கும் வெண்கண்டல் ஓங்குகிறது, மற்ற இனங்கள் ஒதுங்குகின்றன. ராம்சர் எல்லைக்கோடு இந்தத் தண்ணீரின் மூலம்வரை வராது. மலைக்காட்டின் கதியும் சதுப்புக்காட்டின் கதியும் ஒரே நீரில் கட்டியிருந்தும், இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேச இன்று ஒரு கலெக்டர்கூடக் கிடையாது.

நடுவில் கள்ளக்குறிச்சி ஏரிகள் இருக்கின்றன. மழை பெய்த வருஷங்களில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் மடையானும் இறங்குகிற ஏரிகள். படகு கிடையாது, பலகை கிடையாது. 1980களில் ஸ்வீடன் நாட்டு நிதியில் சமூகக் காடு வளர்ப்பு என்று தமிழ்நாட்டு ஏரிகளின் உள்வாயில் கருவேலம் நட்டார்கள். கொக்கும் நாரையும் கூடு கட்ட அந்த மரங்கள் பல இடங்களில் தோதாக அமைந்தன. மரம் முற்றியதும் ஏலம் விடுவார்கள். ஏலத்தை எந்த மாதத்தில் வைப்பது, குஞ்சு பறந்த பிறகா அதற்கு முன்னாலா என்பதை முடிவுசெய்வது ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்கள். ஏரிப் பாசனக்காரர்களைக் கேட்பதில்லை.